பதின்மூன்று சென்டிமீட்டர் நீராவி எஞ்சின்

கைபேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் கன்னத்தை ஒட்டிவைத்துக் காத்திருக்கிறேன். லென்ஸ் மேசையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிரே வளைவில் கறுப்பு எஞ்சின் திரும்புகிறது. முதலில் முகப்பு விளக்கு, பிறகு புகைப்பெட்டியின் வட்டம், அதன்பின் ஏறி இறங்கும் ராடுகள். சொடுக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தால், நடைமேடை முனையில் நின்று வண்டி வருவதைப் பார்த்த மாதிரியே இருக்கிறது.

நான்கு மாதமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் இந்த வண்டி ஜப்பானின் கேட்டோ நிறுவனம் செய்த டி51 மாடல். யோகோஹாமாவில் வேலை பார்க்கும் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது எஞ்சின், ஆறு சரக்குப் பெட்டிகள், தண்டவாளம், கன்ட்ரோலர் எல்லாவற்றையும் வாங்கி வந்தான். மொத்தச் செலவு ஒரு நடுத்தர ஸ்மார்ட்போன் விலைக்குப் பக்கத்தில் வந்தது. அந்தப் பணத்துக்கு இது தகுமா, இதைப் படமெடுக்க என்ன வேண்டும் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேட்டோவின் தொடக்கம் 1957. ஜப்பானில் முதன்முதலாக என் கேஜ் மாடலை 1965-ல் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். சி50 என்ற நீராவி எஞ்சினோடு ஆரம்பித்தார்கள். என் கேஜ் என்றால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே 9 மில்லிமீட்டர். ஒன்பதைக் குறிக்கும் ஆங்கில, ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துத்தான் அந்த 'என்'. உலகத்தின் பெரும்பகுதியில் என் கேஜ் மாடல்கள் நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு. ஜப்பானில் மட்டும் சாதாரண ரயில்களை 150-ல் ஒரு பங்காகச் செய்கிறார்கள். காரணம் அவர்களுடைய இருப்புப்பாதை. அங்கே பழைய பாதைகளின் அகலம் 1067 மில்லிமீட்டர். கணக்குப்படி பார்த்தால் மாடலின் தடம் 7.1 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஆனால் எல்லாமே 9 மில்லிமீட்டர் தடத்தில்தான் ஓடியாக வேண்டும். அதனால் முன்னாலிருந்து பார்க்கும்போது எஞ்சின் கொஞ்சம் காலை அகட்டி நிற்கிறது. மீட்டர் கேஜ் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது உடனே தெரியும். பக்கவாட்டில் எடுக்கும் படத்தில் தெரியாது. புல்லட் ரயிலுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதன் பாதை 1435 மில்லிமீட்டர். 160-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9 வரும்.

டி51 ஜப்பானில் எல்லாருக்கும் தெரிந்த எஞ்சின். 1936-லிருந்து 1945 வரை 1115 எஞ்சின்கள் கட்டினார்கள். பெயரில் உள்ள 'டி' நான்கு ஜோடி இயக்கச் சக்கரங்களைக் குறிக்கும். முன்னால் ஒரு ஜோடி சிறிய சக்கரம், நடுவில் நான்கு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. இந்த அமைப்புக்கு உலகம் முழுக்க மிகாடோ என்று பெயர். அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம் 1890-களில் ஜப்பானுக்குக் கட்டி அனுப்பிய எஞ்சின்களால் வந்த பெயர். நம் ஊரில் மீட்டர் கேஜில் கூட்ஸ் இழுத்த ஒய்ஜி எஞ்சினும் இதே மிகாடோதான். என் கையில் இருப்பது 498-ஆம் எண் எஞ்சினின் மாடல். நிஜ எஞ்சின் 1938-ல் கட்டப்பட்டது. ஓய்வு கொடுத்து நிறுத்தி வைத்திருந்ததை 1988-ல் மறுபடி நீராவி ஏற்றி ஓடவைத்தார்கள்.

நிஜத்தில் கிட்டத்தட்ட 20 மீட்டர் நீளமுள்ள எஞ்சின் இங்கே 13 சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனியைக் கொஞ்சம் தாண்டுகிறது. சின்ன உருவத்துக்கு எதிர்பார்க்காத கனம். கொதிகலன் மேலே ஓடும் குழாய்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. ராடுகள் தீக்குச்சியை விட மெல்லியவை. அதனால் எஞ்சினைத் தூக்கும்போது ராடு பக்கம் விரல் படக்கூடாது. கொதிகலனைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

தண்டவாளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யூனிட்ராக் என்று பெயர். ஜல்லிப் படுகையோடு சேர்த்தே வார்த்த துண்டுகள். இரண்டு துண்டை நேராக வைத்துத் தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் மின்தொடர்பும் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். 315 மில்லிமீட்டர் ஆர வளைவுத் துண்டு எட்டும், 248 மில்லிமீட்டர் நேர்த்துண்டு நான்கும் இருந்தால் ஒரு நீள்வட்டம். ஆறு பேர் உட்காரும் மேசையில் அடங்கும். சாப்பாட்டு நேரம் வந்தால் ஐந்து நிமிடத்தில் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடலாம். வாடகை வீட்டில் ஒரு அறையை ரயிலுக்கென்று ஒதுக்க முடியாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தடத்தை நான் பார்க்கவில்லை. நான்கு மாதத்தில் நூறு முறையாவது சேர்த்துப் பிரித்திருப்பேன். ஒரு இணைப்பும் தளரவில்லை.

மின்சாரத்தில்தான் முதல் வாரமே தடுக்கியது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. கடைத்தெருவில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். 110 வோல்ட் என்று எழுதியிருந்தது. மாட்டிய கால்மணி நேரத்தில் கன்ட்ரோலர் கையில் சுட்டது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 126 காட்டியது. அன்றே கழற்றிவிட்டேன். இப்போது 230 வோல்ட்டில் மாட்டி 12 வோல்ட் நேர்மின்சாரம் எடுக்கும் வேறொரு கன்ட்ரோலரில் ஓட்டுகிறேன். என் கேஜ் எஞ்சினுக்குத் தேவை அந்த 12 வோல்ட்டுக்குள்தான், அது எந்தக் கன்ட்ரோலரிலிருந்து வந்தாலும் சரி. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்கள் எஞ்சினையும் தடத்தையும் மட்டும் வாங்கினால் போதும். கன்ட்ரோலரை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டம் எப்படி? நிஜ டி51-இன் உச்ச வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர். அதை 150-ஆல் வகுத்தால் மேசைமேல் விநாடிக்கு 16 சென்டிமீட்டருக்குள் வரும். என் நீள்வட்டம் மூன்று மீட்டர் சுற்று. ஆக ஒரு சுற்றுக்கு 19 விநாடிக்குக் குறைந்தால் அது நிஜத்தில் நடக்காத வேகம். புதிதாக வருகிற குழந்தைகள் எல்லாரும் குமிழை முழுசாகத் திருப்பிவிடுவார்கள், நான் தடுப்பதில்லை. ஆனால் இந்த எஞ்சினின் அருமை மெதுவான ஓட்டத்தில்தான் இருக்கிறது. ஆறு பெட்டிகளோடு ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டு, எங்கும் குதிக்காமல் ஊர்ந்தது. நிஜக் கணக்கில் அது மணிக்கு 18 கிலோமீட்டர். யார்டுக்குள் நுழைகிற கூட்ஸ் வண்டியின் நடை. ராடு ஒவ்வொரு முறை கீழே இறங்கி ஏறுவதையும் எண்ணலாம்.

இந்த நடை நிலைக்க வேண்டுமானால் தண்டவாளம் சுத்தமாக இருக்க வேண்டும். மின்சாரம் சக்கரம் வழியாகத்தான் ஏறுகிறது. நம் ஊர்த் தூசியில் இரண்டு நாள் விட்டாலே எஞ்சின் தயங்கித் தயங்கி நிற்கும். பழைய பருத்தித் துணியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்து ஒரு சுற்றுத் துடைத்தால் சரியாகிவிடும். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். கீறல் விழுந்தால் அதற்குள் அழுக்கு குடியேறிவிடும், பிறகு போகாது.

இனி படமெடுப்பது. ஐந்தரை அடி ஆளின் கண் மட்டம் இந்த அளவில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட. நின்றுகொண்டு மேலேயிருந்து எடுத்தால் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படம்தான் கிடைக்கும், பொம்மை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். கைபேசியில் லென்ஸ் மேல்முனையில் இருப்பதால், தலைகீழாகத் திருப்பினால் அது தரையோடு வந்துவிடுகிறது. பெரிய கேமராவை இவ்வளவு தாழ்த்தவே முடியாது.

கைபேசிக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதன் சென்சார் சிறியது, அதனால் கிட்டத்தில் எடுத்தாலும் முன்னும் பின்னும் ஓரளவு தெளிவாக விழும். பெரிய சென்சார் கேமராவில் முகப்பு விளக்கு தெளிந்தால் புகைபோக்கி மங்கும். போர்ட்ரெய்ட் மோடைத் தொடவே வேண்டாம். பின்னணி மங்கினால் நம் கண் அதைச் சின்னப் பொருள் என்று முடிவுகட்டிவிடும். எஞ்சினை நிறுத்திவைத்து எடுப்பதானால் ஃபோகஸை முன்னிருந்து பின்னாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படம் எடுங்கள். தெளிந்த பகுதிகளை மட்டும் சேர்த்து ஒரே படமாக்கும் செயலிகள் இருக்கின்றன. என்னிடம் உள்ள நல்ல படங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

ஓடும்போது எடுப்பதில் நான் தப்புக்கணக்குப் போட்டிருந்தேன். பொம்மை மெதுவாகத்தானே போகிறது, ஷட்டர் வேகம் குறைவாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். நிஜ எஞ்சின் 85 கிலோமீட்டர் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் இரண்டரை சென்டிமீட்டருக்குப் பக்கம் நகரும். மாடல் அதே நேரத்தில் 0.16 மில்லிமீட்டர் நகரும். ஆனால் எஞ்சினின் நீளத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே பங்கு. சட்டகம் நிறைய எஞ்சினை வைத்தால் மங்கலும் ஒரே அளவுதான் விழும். ஆக, நிஜ வண்டியை எடுக்கும் அதே ஷட்டர் வேகம் மேசைக்கும் வேண்டும். டியூப் லைட் வெளிச்சம் அதற்குப் போதாது. காலை ஏழரை மணிக்கு மேசையை வராந்தாவுக்கு நகர்த்தினேன். சாய்ந்த வெயில், ஒரே நிழல், எஞ்சின் பக்கத்தில் வெண்கல நிறத்தில் ஒரு மினுக்கம். அறைக்குள் இரண்டு விளக்கு வைத்து மூன்று நாள் போராடியும் வராத படம் அது.

புகைக்கு ஊதுபத்தி வைத்தும் பார்த்தேன். சரிவரவில்லை. புகையும் தண்ணீரும் நம் விருப்பத்துக்குச் சின்னதாவதில்லை. அந்தச் சுருள் எஞ்சினுக்குப் பின்னால் ஏதோ தீ விபத்து மாதிரி நிற்கிறது. விட்டுவிட்டேன். நிஜப் புகை வேண்டுமானால் மேட்டுப்பாளையம் போங்கள். காலை 7.10-க்குக் கிளம்பும் ஊட்டி வண்டி கல்லாரிலிருந்து பற்சக்கரத்தில் ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். நடைமேடையிலிருந்தே போதுமான படம் கிடைக்கும். தண்டவாளத்தில் இறங்கி எடுப்பது உயிருக்கும் ஆபத்து, ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் என்று ஒருவர் இருந்தார். தொழிலால் புகைப்படக்காரர். வீட்டின் அடித்தளத்தில் 'கோரி அண்ட் டெஃபீட்டட்' என்ற கற்பனை ரயில்வேயை எச்ஓ என்ற இன்னொரு மாடல் அளவில், தரையிலிருந்து கூரை வரை மலையும் பள்ளத்தாக்குமாகக் கட்டினார். 1973 ஜனவரியில் அவர் மாரடைப்பால் இறந்தார். சில நாட்களிலேயே வீட்டில் தீப்பிடித்து அந்த ரயில்வேயும் போய்விட்டது. இன்று உலகமெங்கும் மாடல் ரயில்காரர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்றால், அது அவர் பத்திரிகைகளுக்கு எடுத்துக் கொடுத்த படங்களால்தான். அடிக்கடி கழற்றிப் பெட்டியில் போடுகிற என் நீள்வட்டத்துக்கும் படங்கள்தான் மிச்சம். அதனால் எஞ்சின் வாங்குகிறவரிடம் முதல் நாளிலிருந்தே படமும் எடுங்கள், எடுத்ததை யாரிடமாவது காட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

நான் காட்டிய முதல் ஆள், அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டிரைவர் ஐயா. மீட்டர் கேஜ் காலத்தில் ஒய்ஜி ஓட்டியவர். வராந்தாவில் எடுத்த படத்தை முதலில் நீட்டினேன்.

"எந்த ஷெட்டு தம்பி இது? ஒய்ஜி மாதிரி இருக்கு, ஆனா ஒய்ஜி இல்லை."

மேசைக்குக் கூட்டிவந்து காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். முன்னே ஓட்டச் சொன்னார். பிறகு பின்னே. மறுபடி முன்னே.

"ரிவர்ஸ் போட்டா இந்த லிங்குக்குள்ள ராடு இடம் மாறணும் தம்பி. இது ஏறவும் இல்லை, எறங்கவும் இல்லை."

அவர் சொன்னது சரி. இந்தச் சின்ன அளவு மாடல்களில் அந்தத் தண்டு ஒரே இடத்தில் நிலைத்துவிடும். மோட்டார் திசை மாறுவதால்தான் எஞ்சின் பின்னே போகிறது. விவரம் சொன்னேன். தலையாட்டினார். கைபேசியை வாங்கி, எஞ்சின் அறை ஜன்னலை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"உள்ள யாரையும் காணோமே. டிரைவர், முதல் ஃபயர்மேன், ரெண்டாவது ஃபயர்மேன். மூணு பேரு இல்லாம வண்டி எப்படி எடுப்பீங்க?"

ஜப்பானில் இரண்டு பேர்தான் என்று நான் சொல்லவில்லை. ஒரு சென்டிமீட்டர் உயர மனித உருவங்கள் தனியாகக் கிடைக்கின்றன. ஊசிமுனையில் பசை தொட்டு, ஐயா டார்ச் பிடிக்க, மூன்று பேரையும் உள்ளே நிறுத்தினேன். ஜன்னலோரம் டிரைவர். மூன்றாமவருக்கு இடம் பத்தவில்லை. நிலக்கரிப் பக்கம் திரும்பி நிற்கிறார். மறுநாள் காலை ஏழரைக்கு ஐயா வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கன்ட்ரோலர் குமிழைத் தன் பக்கம் நகர்த்தினார். நான் கைபேசியைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு மேசையில் கன்னத்தை வைத்தேன்.