தொண்ணூற்றொன்பது பூக்களும் நம் கொல்லையும்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவிக்கும் 99 பூக்களின் நீண்ட வரிசை, காதல் நாடகத்தின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று குறை கூறுவோர் உண்டு. மாணவப் பருவத்தில் யானும் அவ்வாறே எண்ணி, தேர்வுக்கு மனனம் செய்து மறந்தேன்.

தஞ்சையில் வீட்டுக் கொல்லையைச் சீர்படுத்த முனைந்தபோதுதான் அதன் அருமை விளங்கிற்று. குவளைக்குக் குளிர்ந்த குளம், முல்லைக்குப் படர்ந்தேறக் கல், கொன்றைக்குத் தொங்கும் கொத்து எனப் பல அடைமொழிகள் செடியின் இருப்பிடத்தையோ இயல்பையோ சொல்லிவிடுகின்றன. நேரில் கண்டவரே இப்படி எழுத இயலும்.

அவ்வரிசையிலுள்ள ஆவிரையையும் கொன்றையையும் நட்டோம். அவற்றின் தழையைத் தின்றே வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளர்கின்றன. புழுவைத் தேடித் தையல்சிட்டு வருகிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த காகிதப்பூவை வாயில்களிலும் மாதா கெபிகளைச் சுற்றியும் ஆசையோடு வளர்க்கிறோம். அதன் இலையை இப்புழுக்கள் தீண்டுவதில்லை. அனிச்சம் எந்தச் செடி என்பதிலோ அறிஞரிடையே இன்று ஒருமுடிவில்லை. பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

பாட்டில் ஒரு குறை உண்மையே. நெய்தல் நிலத்துக்குரிய தாழையும் புன்னையும் மலைச்சாரலில் எங்ஙனம் கிடைத்தன? இங்கே கபிலரின் புலமை அவர்தம் கண்ணை முந்திவிட்டது போலும். வாய்க்கால் கரையில் தாழை கண்டு வளர்ந்த நமக்கு அப்பிழையும் இலாபமே.