ஈஸ்வரிக்கு முன்பே ஒரு குரல்

தமிழ் சினிமாவில் ஜாஸ், பாப் என்று பேச்செடுத்தால் எல்.ஆர். ஈஸ்வரியில் தொடங்கி, 1969-இல் சென்னை நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில் சேலை கட்டிப் பாடிய உஷா உதுப்பைத் தொட்டு, ஆண்ட்ரியாவில் முடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வசதியான வம்சாவளிதான். ஆனால் அதன் பாட்டியான கே. ஜமுனா ராணியை விட்டுவிட்டார்கள்.

சிறுமிகள் படத்தில் பாடுவது அன்று புதிதல்ல. ஜிக்கி 1943-லேயே 'பந்துலம்மா' தெலுங்குப் படத்தில் சிறுமியாக நடித்துப் பாடியவர். ஜமுனா ராணி 'தியாகய்யா'வுக்கு (1946) பாடியபோது ஏழெட்டு வயது. 1952-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வளையாபதி'யில் டி.எம். சௌந்தரராஜனோடு காதல் பாட்டுப் பாடுகையில் பதினான்கு. பள்ளிக்கூடப் பிள்ளையை நாயகிக் குரலாக்கிய அவசரத்தை அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை.

1955 முதல் ஆறேழு ஆண்டுகள்தான் என் கணக்கில் பொற்காலம். 'குலேபகாவலி'யின் 'ஆசையும் என் நேசமும்' பாட்டில் விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் மேற்கத்திய நடைக்கு ஜமுனா ராணி குரல் குலுங்காமல் ஈடுகொடுக்கிறார். 'உத்தமபுத்திரன்' (1958) ராக் அண்ட் ரோல் கூத்தில் ஜிக்கியும் அவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். 'மரகதம்' (1959) படத்தில் சந்திரபாபுவின் சேட்டைக்கு எதிர்ப்பாட்டு. பிறகு 'பாசமலர்' (1961): 'பாட்டொன்று கேட்டேன்' பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்கிறது, சொல்லை அழுத்தாமல் நழுவவிடுகிறார். ஜாஸ் பாடகிகள் ஆயுள் முழுக்கத் தேடும் அலட்சியம் அது.

அதே படத்தில்தான் ஈஸ்வரிக்கும் விடிந்தது, 'வாராயென் தோழி'யில். மல்லாங்கிணறு, திருச்சுழிப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டு மைக்செட்டிலும் அந்தப் பாட்டு ஒலிக்காமல் பெண் மணவறைக்கு வந்ததில்லை. குழாய் ஸ்பீக்கர் கட்டிய வேப்ப மரத்திலிருந்து ஊரணிக்கரை வரைக்கும் அது கேட்கும். ஜமுனா ராணியின் பாட்டை எந்தச் சடங்குக்குப் போடுவது? அவருக்கு வாய்த்தது இலங்கை வானொலியின் இரவு நேரம். மைக்செட்டுக்குத் தோதான குரல் நின்றது. காதருகே பேசிய குரல் போனது. இதைத் தரத்தின் தீர்ப்பு என்று விமர்சகர்கள் நம்பியதுதான் எரிச்சல். நாயகிக்கு சுசீலா, ஆட்டக்காரிக்கு ஈஸ்வரி என்று பட முதலாளிகள் பிரித்த பாகத்தை நாம் ரசனை வரலாறாக எழுதிக்கொண்டோம்.

ஒப்பிட்டுப் பாருங்கள்: ஜப்பானியப் பாடகி மிசோரா ஹிபாரி ஜமுனா ராணியைவிட ஒரு வயது மூத்தவர். அவரும் குழந்தை நட்சத்திரம். பன்னிரண்டு வயதில் இசைத்தட்டு, பின்னால் ஜாஸ், 1965-இல் நாட் கிங் கோலின் பாடல்களுக்கென்றே ஒரு தொகுப்பு. இறந்தபின் அரசு மக்கள் கௌரவ விருது கொடுத்தது. நம்மிடம் இப்படிப்பட்ட குரல்களுக்கு ஒழுங்கான தனித்தொகுப்பு போடக்கூட ஆளில்லை.

இளையராஜாவுக்கு மட்டும் காது இருந்தது. 'நாயகன்' (1987) படத்தின் பழைய பம்பாய்க்கு 'நான் சிரித்தால் தீபாவளி' போட்டபோது ஜமுனா ராணியையும் எம்.எஸ். ராஜேஸ்வரியையும் கூப்பிட்டார். 'களத்தூர் கண்ணம்மா'வில் சிறுவன் கமலுக்குக் குரல் கொடுத்தவர் இந்த ராஜேஸ்வரி. வளர்ந்தபின் மழலை பாடியவரும், மழலையிலேயே பெரியவர்களுக்குப் பாடத் தொடங்கியவரும் ஒரே மைக்கில். அந்தப் பாட்டைப் பாடியது யார் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்களே ஈஸ்வரி என்கிறார்கள்.