கொம்பன் பன்றியும் கொல்லிப்பாவையும்

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்ததிலிருந்து ஒரு பேச்சு ஓயாமல் காதில் விழுகிறது. கல்கியின் நாவல்தான் தமிழின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்பது அதன் ஒரு பாதி. தமிழில் ஃபேன்டசி என்றொரு வகையே இதுவரை கிடையாது, டோல்கீனையும் மார்ட்டினையும் படித்து வளர்ந்த தலைமுறைதான் அதைத் தொடங்கிவைக்கப்போகிறது என்பது மறுபாதி. அடுத்து எந்தப் பெருநாவல் வருகிறது, எது படமாகிறது, எதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடித் தேடிப் பேசும் இந்த வாசகர்களின் ஆர்வத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆயிரம் பக்கத்துக்கு அஞ்சாத வாசகர் எந்த மொழிக்கும் கொடைதான். ஆனால் அந்தப் பேச்சின் இரண்டு பாதியும் பிழை. மாயமும் அற்புதமும் நிறைந்த நெடுங்கதை தமிழுக்குப் புதிதல்ல. அது வளர்ந்த நிலம் தஞ்சையும் பழையாறையும் அல்ல. அதன் உயிரோட்டமான கிளை ஒன்று சேலம், நாமக்கல் சமவெளியிலும் அதை ஒட்டிய கொங்கு ஊர்களிலும் உடுக்கைப் பாட்டாக, கூத்தாக, ஸ்டூடியோப் படமாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நம் விமர்சகர்கள் அதை இலக்கியக் கணக்கில் சேர்க்கவில்லை.

தொடக்க காலத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மணிமேகலையின் அமுதசுரபியும் வான்வழிப் பயணமும் எல்லோருக்கும் தெரியும். பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, ஆரவல்லி சூரவல்லி கதை ஆகியவை நாவல் என்ற வடிவம் இங்கே வேர்பிடித்த காலத்திலும் அதைவிடப் பரந்த வாசகரை வைத்திருந்தன. நவீன எழுத்தாளர்களில் புதுமைப்பித்தன் 'கபாடபுரம்', 'பிரம்ம ராக்ஷஸ்' போன்ற கதைகளில் அந்த மாயத்தைக் கையிலெடுத்து நவீன மனத்தின் திகிலாக மாற்றிக் காட்டினார். அவர் காட்டிய திசையில் பெருநாவல் ஒன்று எழுந்திருக்கலாம். எழாமல் போனதற்குக் காரணம் தொடர்கதை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் முடிந்தது. இரண்டு மாதம் கழித்து லண்டனில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகம் வெளியானது. இந்தக் கால நெருக்கத்தைச் சொல்லி இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் நாவலுக்குள் நடப்பதைக் கவனிப்பதில்லை. கல்கியின் கதையில் மந்திரவாதி ஒருவன் வருகிறான். ஆந்தைபோல் குரல் கொடுக்கிறான், பேய்க்கதை பேசிப் பயமுறுத்துகிறான். கடைசியில் பார்த்தால் ரவிதாஸன் பாண்டியனுக்காகப் பழிவாங்க வந்த சதிகாரன். வால்நட்சத்திரம் தோன்றுகிறது, ஆனால் ஊர் பேசும் சகுனம் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. நந்தினியின் மாயம் முழுவதும் அவள் அழகிலும் காயத்திலும் இருக்கிறது. மாயத்தைக் காட்டி, பிறகு அதற்கு மனிதக் காரணம் சொல்லி முடிப்பதுதான் கல்கியின் முறை. அதை அவர் தேர்ந்த கையோடு செய்தார். அவருடைய நடைக்கும் வேகத்துக்கும் ஈடு குறைவு. ஆனால் அவர் எழுதியது பட்டம் யாருக்கு என்ற வழக்கு. மார்ட்டினின் அரண்மனைச் சூழ்ச்சிக்கு அது பக்கத்தில் வரும். டிராகனும் பனிச்சுவரும் இருக்கும் பக்கத்துக்கு அது போகவே இல்லை. குறை கல்கியிடம் இல்லை, அவருக்குப் பின் வந்த மோகத்தில் இருக்கிறது. சாண்டில்யனின் 'யவன ராணி', 'கடல் புறா' தொடங்கி எண்ணற்ற தொடர்கள் ஒரே அச்சில் வந்தன: குதிரைவீரன், சுரங்கப்பாதை, இளவரசியின் நீண்ட வர்ணனை, முடிவில் ஒரு கிரீடம். சோழ, பல்லவ, பாண்டிய முடிகளுக்கு வெளியே இருந்த நிலம் இவற்றில் பெரும்பாலும் படைகள் கடந்துபோகும் வழியாக மட்டுமே வந்தது. வார இதழ் வாசகரின் கற்பனை கால் நூற்றாண்டுக்கு மேல் அரண்மனையை விட்டு இறங்கவில்லை.

அதே காலத்தில் சேலம் ஏற்காடு சாலையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி.ஆர்.சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. சினிமா வரலாற்றாசிரியர்கள் அதைத் தொழில் ஒழுங்குக்காகவும் 'மந்திரி குமாரி' வசனத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மிகுபுனைவு எனும் ஃபேன்டசியின் வரலாற்றில் அதன் இடம் இன்னும் பெரியது. 1947இல் வந்த 'ஆயிரம் தலை வாங்கிய அபூர்வ சிந்தாமணி'யை எடுத்துக்கொள்வோம். மணக்க வருகிறவனிடம் மூன்று கேள்வி கேட்கிறாள் அரசகுமாரி. விடை தெரியாதவன் தலை போகும். அவளை ஆட்டிவைப்பவன் பின்னால் நிற்கும் மந்திரவாதி. நாயகன் வாளை நம்பி வெல்ல முடியாது. ஊர் ஊராகப் போய்ப் பிறர் கதைகளைக் கேட்டறிந்து, அந்தக் கதைகளையே விடையாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கதைக்குள் கதை என்ற நம் பழைய கட்டுமானம் இங்கே உயிர்காக்கும் அறிவாகிவிடுகிறது. மந்திரவாதிக்கு வேறு முகமூடி இல்லை. அவன் மந்திரவாதியேதான், படம் அதற்கு வெட்கப்படவில்லை. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக வந்தது. அடுத்த ஆண்டே பெண்கள் ஆளும் நாட்டின் கதையான 'ஆரவல்லி'. சந்தையில் விற்ற பெரிய எழுத்துப் புத்தகம், விடிய விடிய நடந்த கூத்து, கொட்டகைத் திரை என்று ஒரே கதைச் சரக்கு கைமாறி வந்திருப்பதை இவை காட்டுகின்றன. சென்னையில் விஜயா நிறுவனத்தின் நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் 'அம்புலிமாமா'வைத் தொடங்கி, 'பாதாள பைரவி', 'மாயா பஜார்' படங்களையும் எடுத்தது இதே ஓட்டத்தின் இன்னொரு வாய்க்கால். இவை சிறுவருக்கானவை, பாமரருக்கானவை என்று ஒதுக்கியவர்கள், மேலைநாட்டில் டோல்கீனும் அதே சரக்கிலிருந்துதான், அதாவது சிறுவர் கதையிலிருந்தும் பழம்பாட்டிலிருந்தும்தான், எழுந்தார் என்பதை மறந்துவிட்டார்கள்.

எண்பதுகளுக்குள் ஸ்டூடியோ ஓய்ந்தது. நாவலில் மாயம் தலைநிமிர்ந்து திரும்பியது 1997இல், ஜெயமோகனின் 'விஷ்ணுபுர'த்தோடு. ஒரு கோயில் நகரத்தைக் கல் கல்லாகக் கட்டி, தத்துவ விவாதங்களால் நிரப்பி, வெள்ளத்தில் கரைத்துவிடும் அந்த நாவல், கற்பனை உலகம் ஒன்றை முழுமையாக எழுப்பத் தமிழ் உரைநடையால் முடியும் என்று நிறுவியது. 2014 முதல் 2020 வரை அவர் எழுதிய 'வெண்முரசு' 26 நாவல்களாக விரிந்தது. உழைப்பின் அளவில் உலகில் இதற்கு இணை சொல்வது கடினம். ஆனால் அதன் நிலம் வியாசனுடையது. சு.வெங்கடேசனின் 'வேள்பாரி' ஆனந்த விகடனில் தொடராக வந்து பெரும் வாசகர் கூட்டத்தைப் பிடித்தது. மூவேந்தரின் சிம்மாசனத்தை எதிரே நிறுத்தி, காட்டின் பக்கம் நின்று கதை சொன்னது அதன் துணிச்சல். விலங்குக்கும் செடிக்கும் அதில் அற்புத ஆற்றல் உண்டு, ஒரு தேவாங்குக்காகவே பேரரசுகள் அலைகின்றன. தொடர்கதையின் மிகையுணர்ச்சி அங்கங்கே தலைகாட்டினாலும், கல்கி வழியிலிருந்து விலகிய முதல் வெகுஜனப் பெருங்கதை அது என்பதில் எனக்கு ஐயமில்லை. அது காட்டிய திசையில் இன்னும் மேற்கே நடந்தால் கொங்குக்கு வந்து சேரலாம்.

அங்கே நமக்கு முன்பே ஒரு காவியம் காத்திருக்கிறது. அண்ணன்மார் சுவாமி கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை, உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்படுவது. கனடா மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கயம் பக்கத்தில் தங்கி அதைப் பதிவுசெய்தார். 1982இல் ஆய்வு நூலும் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியாக இருமொழிப் பதிப்பும் வந்தன. இங்கே கவிஞர் சக்திக்கனல் சுவடி வழிப் பதிப்பு ஒன்றைத் தந்தார். இத்தனை இருந்தும் நாவல் விமர்சனம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பெக் பதிவுசெய்த வடிவில் கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வேட்டையாடும் பகுதியைப் பாருங்கள். பயிரையெல்லாம் அழித்த பன்றி அது. நாய்களும் ஆட்களுமாகப் பெரும்படை கிளம்புகிறது. பொன்னாச்சி என்ற சின்னப் பெட்டை நாயை மட்டும் அழைக்க மறந்துவிடுகிறார்கள். அவமதிக்கப்பட்ட நாயின் கோபத்தில் படை முழுக்க நோயில் விழுகிறது. மாவீரன் சங்கர் அந்தக் குட்டி நாயிடம் பணிந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் பன்றி சாகிறது. அதுவும் பொன்னாச்சி போய்க் கடித்து அதன் பலத்தை ஒடுக்கிய பிறகு. வீரர்களின் ஆயுள் 16 வயதோடு முடியும் என்பது பிறப்பதற்கு முன்பே தெய்வம் விதித்தது. வென்ற சில நாளில் அண்ணன் தம்பி இருவரும் தம் வாளிலேயே விழுந்து சாகிறார்கள். அதன்பின் கதை தங்கை தங்காளின் கைக்கு வருகிறது. அரண்மனைக்குத் தீ வைத்துவிட்டுக் காடு கடந்து, அண்ணன்மார் உடலைத் தேடிக் கண்டடைந்து, நீர் தெளித்துக் கொஞ்ச நேரம் எழுப்பிப் பேசவைக்கிறாள். கொங்கு ஊர்களின் படுகளம் சடங்கில் இன்றும் அருள்வந்து விழுந்து கிடப்பவர்களைத் தண்ணீர் தெளித்து எழுப்புவது இதன் தொடர்ச்சி. வெல்லும் வீரனை மையத்தில் வைக்காமல் அற்ப உயிரின் மானத்தையும் பிழைத்திருக்கும் பெண்ணின் துயரத்தையும் மையத்தில் வைக்கும் காவியம் இது. காட்டைத் திருத்திக் கழனியாக்குவது, பங்காளிகளின் நிலப்பகை, உழவருக்கும் வேட்டுவருக்குமான மோதல் என்று அதன் உலகம் மண்ணோடு ஒட்டியிருக்கிறது. பெருநாவல் ரசிகர்கள் கேட்கும் விரிந்த உலகமும் தலைமுறைக் கணக்கும் விதியின் பாரமும் இதில் குறையின்றி இருக்கின்றன.

கலைஞர் மு.கருணாநிதி இதை நாவலாக்கினாரே என்று கேட்கலாம். ஆக்கினார், ஆனால் சரித்திர நாவலின் அச்சில் வார்த்தார். தெய்வச் செயல்கள் பின்னுக்குப் போய், வீரமும் சூழ்ச்சியும் முன்னுக்கு வந்தன. தியாகராஜன் இயக்கிய படம் 2011 ஏப்ரலில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடங்கிய அதே மாதம், வெளியானது. அதிலும் அரண்மனையும் போர்க்களமும்தான் கண்ணை நிறைத்தன. வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு. இவர்கள் கும்பிடப்படும் தெய்வங்கள். நாவலாசிரியன் கற்பனை என்று சொல்லிக் கைவைத்தால் ஊர் பொறுக்குமா? மேலும் கதை வேளாளர் பார்வையில் நிற்பது, வேட்டுவர் அதில் பகைவர். மறுபடி சொன்னால் பழைய பகையை மறுபடி மூட்டுவதாகாதா? இந்தக் கேள்விகளைத் தட்டிக்கழிக்க முடியாது. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட 'மாதொருபாக'னுக்காகப் பெருமாள்முருகனுக்கு 2014 இறுதியில் தொடங்கி நேர்ந்த எதிர்ப்பை எல்லோரும் பார்த்தோம். எழுத்தாளனாகத் தாம் இறந்துவிட்டதாக அவர் அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் மீண்டார்.

மீண்டவர் எழுதிய நாவல் எது என்பதைத்தான் நான் முக்கியமான சான்றாக வைக்கிறேன். 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை', அசுரர்களின் உலகில் நடப்பது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட அச்சம் என்று முன்னுரையில் சொல்லிவிட்டு அசுரர்களையும் ஆட்டையும் எடுத்துக்கொண்டார். பேருருவன் ஒருவன் கிழவரிடம் கொடுத்துவிட்டுப் போகும் நோஞ்சான் கறுப்புக் குட்டி. ஒவ்வொரு ஆட்டையும் கணக்கில் ஏற்றிக் காது குத்தும் அரசாங்கம். அங்கே வரிசையில் நின்று, குட்டி எங்கிருந்து வந்தது என்ற விசாரணைக்குப் பயந்து பயந்து பதில் சொல்லும் கிழவி. அந்த வரிசைக் காட்சியில் மேட்டுக்காட்டு வறட்சியும் அதிகாரத்தின் அச்சமும் ஒருசேர வருகின்றன. பொன்னாச்சி நாய்க்கும் இந்த வெள்ளாட்டுக்கும் உள்ள உறவைத் திட்டமிட்டதென்று நான் சொல்லவில்லை. ஒரே மண்ணின் கற்பனைக்கு, சிறிய பெட்டை உயிரின் பக்கம் நின்று உலகத்தைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. உண்மையைச் சொல்ல வழியடைத்தபோது இந்தச் சமவெளி எழுத்தாளருக்குக் கைகொடுத்தது மிகுபுனைவு. தப்பித்தல் இலக்கியம் என்று அதைக் குறைசொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். வேட்டுவர் பக்கம் நின்று, தங்காளின் பக்கம் நின்று அண்ணன்மார் கதையைச் சொல்லவும் இந்த வடிவமே இடம் தரும். சரித்திர நாவலோ ஆதாரம் கேட்டுத் தகராறில் முடியும்.

இது ஒரு வட்டாரத்தின் பெருமை மட்டுமே என்ற முணுமுணுப்பும் வரும். டோல்கீன் தன் நாட்டுப்புற ஆங்கிலக் கிராமத்தை வைத்துத்தான் ஷையரைக் கட்டினார். வட்டாரம் இல்லாமல் கற்பனை உலகம் எழுவதில்லை. சரக்கும் இங்கே அண்ணன்மாரோடு தீர்ந்துவிடவில்லை. நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் தெய்வம் செய்துவைத்த பாவை ஒன்று உண்டு என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் நிலமே நடுங்கினாலும் அதன் உரு குலையாது என்கிறது நற்றிணைப் பாட்டு ஒன்று. பிற்கால வழக்கு அதைச் சிரித்தே பகைவரைக் கொல்லும் பொறியாக்கியது. அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, நாட்டைச் சேரனுக்குக் கொடுத்தான். யாராலும் குலைக்க முடியாத பாவை, தன்னைக் காத்தவன் விழுந்ததையும் மலை கைமாறியதையும் பார்த்துக்கொண்டு ஏன் சும்மா நின்றது என்ற ஒரு கேள்வியே முழு நாவலுக்குப் போதும். வடக்கே, 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த தர்மபுரியில், அதியமானின் தகடூர் முற்றுகையைப் பாடிய 'தகடூர் யாத்திரை' தொலைந்துபோனது. புறத்திரட்டும் உரையாசிரியர் மேற்கோள்களும் காத்த சில பாடல்களே மிச்சம். முற்றுகையிட்டவன் பெருஞ்சேரல் இரும்பொறை, உள்ளே இருந்தவன் அதியமான், அவன் அவையில் நெல்லிக்கனி உண்ட ஔவை. நடுவில் இருந்ததெல்லாம் காணாமல் போய்விட்டது. அடுத்த பெருநாவலுக்குச் சோழர் காலத்தையே மறுபடி புரட்டிக்கொண்டிருக்கும் இளம் எழுத்தாளர்கள், வெற்றிடமாகக் கிடக்கும் இந்தக் கோட்டையின் சுவர்களை நிரப்ப வரட்டும்.