நெல் வேருக்கு ஒரு கணக்கு

வேர் நுனியில் பிறக்கும் செல்கள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. சற்று மேலே போனால் ஒன்று தூவியாக நீண்டிருக்கும், பக்கத்துச் செல் மொழுக்கென்று நிற்கும். இதைத் தீர்மானிப்பது செல்லின் பிறப்பா, அது நிற்கும் இடமா? வேர் வடிவக் கணக்குகளில் பெரும்பாலானவை கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்கின்றன.

இடத்தின் பக்கம் நின்றவர் கணிதவியலாளர் ஆலன் டூரிங். இரண்டு வேதிப்பொருள்கள் வினைபுரிந்தபடியே வெவ்வேறு வேகத்தில் பரவினால், சமமாக இருந்த திசுவில் தானாகவே கோலம் பிறக்கும் என்று 1952இல் காட்டினார். பிறப்பின் பக்கம் 1968இல் உயிரியலாளர் லின்டன்மேயர் வந்தார்: இந்த வகைச் செல் பிளந்தால் இன்னின்ன செல்கள் வரும் என்று இலக்கண விதிகளாகவே எழுதிவிட்டார். இதே போன்ற இலக்கணக் கணிதம் தமிழ்நாட்டில் வாசலுக்கே வந்தது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் புள்ளிக் கோலங்களுக்கு விதி எழுதினார்கள்.

இந்தக் கேள்வியை வைத்து வேரில் நடந்த வேலை பெரும்பாலும் அராபிடாப்சிஸ் என்ற கடுகினக் களையில்தான். அதன் வேர்த்தோலுக்கு உள்ளே இருக்கும் புறணி ஒரே அடுக்கு, சுற்றிலும் எட்டுச் செல்கள். இரண்டு புறணிச் செல்களின் இடுக்கில் உட்காரும் தோல் செல் தூவியாகும். ஒன்றின் முதுகில் மட்டும் உட்காருவது ஆகாது. 2008இல் சாவேஜ் குழு இதற்கு இரண்டு கணக்குகளை மோதவிட்டுப் பார்த்தது. ‘வேர்வுல்ஃப்’ புரதம் தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும் என்ற டூரிங் பாணிக் கணக்கு தோற்றது. தூவியாகாத செல் கேப்ரிஸ் புரதத்தை அண்டைக்கு அனுப்ப, தூவிச் செல் கிளாப்ரா3ஐ எதிர்த்திசையில் அனுப்புகிறது என்ற கணக்கே சோதனைகளோடு ஒத்துப்போனது. கணக்கு தோற்றதையும் சொல்லும் கட்டுரை என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு.

அதற்கு முந்தைய ஆண்டு உட்ரெக்டில் க்ரீனைசன் முதலானோர், ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைக் கடத்தும் புரதங்கள் செல்லின் எந்தச் சுவரில் இருக்கின்றன என்பதை மட்டும் கணினிக்குச் சொன்னார்கள். நுனியில் ஆக்சின் தானே குவிந்தது.

இந்த அராபிடாப்சிஸ் கணக்குகளை அப்படியே நம் திருவிடைமருதூர் நெல் வயலுக்குக் கொண்டுவர முடியாது. பக்கத்து ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏடிடி 43, 45 என்று எண்ணைச் சொன்னாலே இங்கே ரகம் புரியும். அந்த நெல்லின் வேர் வேறு சட்டம் வைத்திருக்கிறது. தோல் செல் ஏற்றத்தாழ்வாகப் பிளக்கும், சின்னது தூவியாகும். அடியில் இடுக்கு இருக்கிறதா என்பது பொருட்டில்லை. இங்கே பிறப்பு ஜெயிக்கிறது.

புறணியோ பல அடுக்கு, அதில் ஒரு பகுதி செத்தாக வேண்டும். சேற்றில் காற்று இல்லை. இலையிலிருந்து ஆக்சிஜன் இறங்க வழி வேண்டும். நடுப் புறணிச் செல்கள் கரைந்து காற்றறைகளாகின்றன. வெளியே கசியும் ஆக்சிஜன் மண்ணின் இரும்போடு சேர்வதால்தான், பிடுங்கிய பயிரின் வேர் செம்பழுப்பாகத் தெரிகிறது. நீர் சூழ்ந்தால் வேரில் உண்டாகும் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றி உள்ளே தேங்கி இந்தச் சாவைக் கூட்டும். ஆனால் நீர் தேங்காத மண்ணிலும் நெல் கொஞ்சம் காற்றறை கட்டிக்கொள்கிறது. அதற்கு ஆக்சின் சமிக்ஞை வேண்டும் என்று யமவுச்சி குழு 2019இல் காட்டியது. அது தடைபட்ட நெல்லில் காற்றறை குறைந்தது. ஆகவே உட்ரெக்ட் வரைந்த ஆக்சின் வரைபடத்தைப் பல அடுக்குப் புறணிக்கு விரித்தெழுதும்போது, எந்தச் செல் வளரும் என்பதோடு எந்தச் செல் சாகும் என்பதும் அந்தச் சமன்பாடுகளுக்குள் வர வேண்டியிருக்கும்.