ஒரே மெட்டு

ஆர்னெட் கோல்மன் என்ற அமெரிக்க ஸாக்ஸபோன் வித்வான் 1977ல் வெளியிட்ட ‘டான்ஸிங் இன் யுவர் ஹெட்’ என்ற இசைத்தட்டை முதல் தடவை கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை முணுமுணுக்கிற மாதிரி ஒரு சின்ன மெட்டு. அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். போதும் என்று நமக்குத் தோன்றிய பிறகும் வாசிக்கிறார்கள். இதற்கு ஒரு மேதை எதற்கு என்று தட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

மேதை என்பதில் சந்தேகம் இல்லை. 1959ல் நியூயார்க்கில் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் ஒரு பிளாஸ்டிக் ஸாக்ஸபோனை வைத்துக்கொண்டு ஜாஸ் உலகத்தை இரண்டு கட்சியாகப் பிரித்தவர். அப்படிப்பட்டவர் 1975 டிசம்பரில் பாரிஸில் இரண்டு மின்சாரக் கிதார்கள், ஒரு மின்சார பாஸ் கிதார், டிரம் என்று கூட்டிக்கொண்டு ஃபங்க் வாசிக்க உட்கார்ந்தால், காசுக்காகப் போய்விட்டார் என்று சில பழைய ரசிகர்களுக்குத் தோன்றாமல் இருக்குமா? ஆனால், காசுக்காக என்று சொல்பவர் தட்டைக் கேட்டிருக்க முடியாது. தவிர, டெக்ஸஸில் ஃபோர்ட் வொர்த் ஊரில் வாலிப வயதில் அவர் வாசித்ததே நடனக் கோஷ்டிகளில்தான்.

ஃபங்க் என்பதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. 1960களில் ஜேம்ஸ் பிரவுன் அதை வகுத்த விதத்தில், கிதாரும் கொம்பு வாத்தியங்களும்கூடத் தாள வாத்தியங்கள்தான். ஒவ்வொருவரும் தமக்கு விட்ட சின்ன இடத்தில் நின்று, முதல் அடியில் எல்லோரும் வந்து கூட வேண்டும். கோல்மன் அந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அந்த இட ஒதுக்கீட்டை விட்டுவிட்டார். இங்கே பக்கவாத்தியம் என்று யாரும் இல்லை. எல்லோருமே மெட்டுப் போடுகிறார்கள், ஒரே சமயத்தில், அவரவர் சுருதிப் போக்கில். இதற்கு அவர் ஹார்மோலோடிக்ஸ் என்று பெயர் வைத்தார். விளக்கம் கேட்டவர்களை அவர் பதில் இன்னும் குழப்பிற்று என்பது வேறு விஷயம்.

இரண்டாம் தடவை கேட்டபோதுதான், அந்தச் சின்ன மெட்டு ஏன் அத்தனை தடவை வருகிறது என்று புரிந்தது. அது நட்டு வைத்த கம்பம். எல்லோரும் விலகி ஓடுவதற்கு அது ஒன்றாவது நகராமல் இருக்க வேண்டும். இதே மெட்டை அவர் 1972ல் லண்டன் ஸிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு ‘ஸ்கைஸ் ஆஃப் அமெரிக்கா’வில் வாசிக்க வைத்திருக்கிறார். அங்கே அது கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது. இங்கே கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் பக்கத்தில் அதே மெட்டின் மறு வடிவம் எனக்கு அநாவசியமாகவே படுகிறது. அந்த இடத்தை, 1973ல் மொராக்கோவில் ஜஜூக்கா கிராமத்து வாத்தியக்காரர்களோடு அவர் வாசித்ததற்குக் கொடுத்திருக்கலாம். நம் நாகசுரத்துக்கு உறவான குழல்கள் அங்கே கூட்டமாக எழும்புகின்றன. ஐந்து நிமிஷம்கூட விடவில்லை.

என் முதல் கோபத்துக்குக் காரணம் சங்கீதம் அல்ல. நாவலில் ஒருவன் பேசும்போது மற்றவர்களை வாய் மூடி உட்கார வைத்துப் பழகியவன் நான். காபி கொண்டுவந்து வைக்கிற பெண் என் கதைகளில் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இந்தத் தட்டில் அவள் உள்ளே போகவில்லை.

பாஸ் வாசித்த ரூடி மெக்டேனியலுக்கு அப்போது வயது பத்தொன்பது. இப்போதெல்லாம் தட்டைப் போட்டால் ஸாக்ஸபோனை விட்டுவிட்டு அந்தப் பையன் பின்னாலேயே போகிறேன்.