மேடைக்கு முதுகு காட்டு

பள்ளி ஆண்டு மலர் கைக்கு வந்தால் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவேன். முன்பக்கங்களில் என்ன இருக்கும் என்று தெரியும். சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றுவார். அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். அடுத்த படத்தில் பேசுவார். மைக் அவர் வாயை மறைத்திருக்கும். பரிசு வாங்கும் பிள்ளைக்கோ முதுகு மட்டும்தான் தெரியும். யாருக்காகப் போட்ட மலரோ, அவர்களுக்கு முகமில்லை.

சனிக்கிழமைகளில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கச் சொல்லித் தருகிறேன். முதல் பாடம் இதுதான்: மேடைக்கு முதுகு காட்டி நில். மேடையை எடுக்க ஸ்டுடியோக்காரர் வந்திருக்கிறார். கூட்டத்தில் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்பையும், தன் பிள்ளை ஆடும்போது தானும் தலையாட்டும் அம்மாவையும் எடுக்க அங்கே வேறு ஆளில்லை.

அப்படி வந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். எடுத்தவன் ஒன்பதாம் வகுப்பு. மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நாட்டிய உடையில் ஒரு சிறுமி. இடுப்பு மடிப்பு அவிழ்ந்துவிட்டது. கணக்கு டீச்சர் முழங்காலிட்டு அதைச் சேர்த்துக் குத்திக்கொண்டிருக்கிறார். அவர் உதட்டிடுக்கில் மூன்று சேஃப்டி பின்கள். சிறுமி அவரைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தபடி விரலால் தாளம் எண்ணிக்கொண்டிருக்கிறாள். திரை இடுக்கில் கசிந்த மேடை வெளிச்சம் அவள் கன்னத்தில் ஒரு கோடாக விழுந்து, டீச்சரின் கைவிரல்களில் போய் முடிகிறது. மற்றதெல்லாம் இருட்டு. பையன் தரையில் உட்கார்ந்து எடுத்திருக்கிறான். அதனால்தான் இரண்டு முகமும் ஒரே படத்துக்குள் வந்தன.

"எத்தனை எடுத்தே?"

"நாப்பத்தொண்ணு சார்."

"எப்போ நிறுத்தினே?"

"பின்னு தீர்ந்ததும் சார்."

நாற்பத்தொன்றில் ஒன்று தேறியது. நல்ல கணக்குதான். பொறுமையைப் பாடமாக நடத்த முடியாது. இப்படி ஒரு தடவை பலித்தால் அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

வெளிச்சத்தை நடத்தலாம். நம் பள்ளிக்கூடங்களில் அதற்கு வாய்த்த இடம் தாழ்வாரம். வெயில் நேராகப் படாது, ஒரு பக்கம் திறந்திருக்கும், முகத்தில் வெளிச்சம் மெத்தென்று விழும். உச்சி வெயிலில் மைதானத்தில் நிறுத்தினால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் மிஞ்சும். அதே பிள்ளையை வேப்பமர நிழலின் ஓரத்துக்கு நகர்த்தி, வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னால் போதும், கண் விழித்துக்கொள்ளும்.

ஷட்டர் வேகத்தைக் குழாயடியில் காட்டுவேன். விநாடியில் 1000இல் ஒரு பங்கு வைத்தால் தண்ணீர் மணிமணியாக நிற்கும். 15இல் ஒரு பங்கு வைத்தால் வெள்ளை நூலாக இறங்கும். இதைப் பார்த்த பிறகு கபடிக்கு 500க்குக் கீழே இறங்காதே என்று விளக்க வேண்டியதில்லை. பலரிடம் இருப்பது வீட்டு செல்போன்தான். அதற்கும் மூன்று பழக்கம் உண்டு: லென்ஸைத் துடை, விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் காலால் நடந்து போ, முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தை நிறுத்து. கொடிக்கம்பம் யார் தலையிலாவது முளைத்திருக்கிறதா என்று கடைசியாக ஒரு பார்வை.

குரூப் போட்டோவைக் கேலி செய்பவன் அல்ல நான். அறுபது பேரில் ஒருவனாவது கண்ணை மூடியிருப்பான் என்பது அதன் தலையெழுத்து. எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொன்னால் தலையெழுத்து பெரும்பாலும் மாறிவிடும். கூடவே சிரிப்பும் வந்துவிடும்.

பள்ளியில் படமெடுப்பது சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. லூயிஸ் ஹைன் 1901இல் நியூயார்க்கின் எத்திகல் கல்ச்சர் பள்ளிக்கு வாத்தியாராக வந்தார். பள்ளிக்குப் படமெடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அப்படித்தான் கேமராவைத் தொட்டார். 1908 முதல் அமெரிக்க ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த குழந்தைகளை அவர் எடுத்த படங்கள், குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான இயக்கத்தின் சாட்சியங்களாயின. அவரிடம் பள்ளியில் கேமரா பழகிய பையன் பால் ஸ்டிராண்ட். 1915இல் ஸ்டிராண்ட் எடுத்த 'வால் ஸ்ட்ரீட்' படத்தில், வங்கிக் கட்டடத்தின் பிரம்மாண்டமான கறுப்புப் பள்ளங்களுக்குக் கீழே மனிதர்கள் எறும்பு போல நடந்து போகிறார்கள். மாணவர்களைப் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸின் '291' காட்சிக்கூடத்துக்கு ஹைன் அழைத்துப் போனார். நல்ல படத்தைப் பார்க்காத கண் நல்ல படத்தை எடுக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் காட்சிக்கூடம் இல்லை. பழைய ஆண்டு மலர்களை பெஞ்சில் பரப்பி, "இதில் யாரோடு உனக்குப் பழக வேண்டும் போலிருக்கிறது?" என்று கேட்கிறேன். பிள்ளைகள் கை வைக்கும் படம் அநேகமாக மேடைப் படமாக இருப்பதில்லை.

எடுத்ததோடு வேலை முடியாது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும்; ஆறு அங்குல அகலப் படத்துக்கு 1800. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் இளைத்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். படத்தில் இருப்பவர்களின் பெயரை, இன்ஷியலும் எழுத்தும் பிசகாமல், அங்கேயே நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: தடுக்கி விழுந்தவனையும், தோற்று அழுகிறவளையும் கேட்காமல் போடக் கூடாது. மலர் அவர்கள் வீட்டு அலமாரியில் நாற்பது வருஷம் இருக்கப் போகிறது.

அந்த சேஃப்டி பின் படம் மலரில் வந்தது, தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய அளவில். முன்பக்கத்தில் பொன்னாடை முழுப் பக்கம். எடுத்தவன் பெயர் எங்கேயும் இல்லை. இந்த ஆண்டு மலர் போடப் போகிற ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான்: பொன்னாடைக்கு ஒரு பக்கம் போதும். பிள்ளைகள் எடுத்த படங்களைப் பெரிதாகப் போட்டு, கீழே எடுத்தவர் பெயரையும் வகுப்பையும் அச்சிடுங்கள்.