விண்மீன்களும் விருந்தோம்பலும்

கோலாலம்பூர் மாநகரின் நடுவே, ஐந்து விண்மீன் தகுதி பெற்றதென விளம்பரம் செய்துகொள்ளும் தங்கும் விடுதி ஒன்றில் அண்மையில் ஓரிரவு தங்க நேர்ந்தது. வாயிலில் பளிங்குத் தரை, கூரையில் சரவிளக்குகள். அறைக்குள் நுழைந்ததும் அந்தப் பொலிவெல்லாம் அவிந்தது. குளிர்சாதனம் இரைந்ததேயன்றிக் குளிரவில்லை. குழாயில் வெந்நீர் இல்லை. மும்முறை தொலைபேசியில் முறையிட்டும் "இதோ, ஆள் வருகிறார்" என்ற மறுமொழி மட்டுமே வந்தது.

நள்ளிரவில் வந்தவர், துப்புரவுப் பணிபுரியும் முதிய அம்மையார் ஒருவர். அது தம் வேலை அன்றாயினும், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க ஐயா" என்று கூறி, சமையற்கட்டிலிருந்து ஒரு வாளி வெந்நீர் கொணர்ந்து தந்தார்.

காலையில் நீட்டப்பட்ட சீட்டில் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு சேர்ந்திருந்தது. எவர் செய்த சேவைக்கு? அக்கட்டணம் ஊழியர்க்கே உரியது. அதனைக்கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை ஈடுகட்டலாகாது என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்துள்ளது. அப்பணம் அந்த அம்மையாரின் கையைச் சேருமாயின் மகிழ்ந்தே கொடுப்பேன்.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதிற் பளிங்குக்கு இடமில்லை, முகமலர்ச்சிக்கே இடமுண்டு. விண்மீன் வழங்குவோர் நள்ளிரவில் ஒருமுறை அறைத் தொலைபேசியை எடுத்துப் பார்க்கட்டும்.